சவேரியாரும் கட்டுமரமும்

நெஞ்சு கலங்கினாலே விசுவாசம் குறைந்துபோயிற்று என்று நம்மில் பலர் மருகுகிறோம். அர்ச். பிரான்சிஸ் சவேரியாரைப் பாருங்கள். 1545-ம் வருஷம் நமது இராயபுரத்துக்குத் தெற்கே, இதே கடலோரத்தில், மயிலாப்பூரில் நாலு மாதம் தங்கியிருந்தார். மலாக்காவுக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் போவதா வேண்டாமா என்று தெளியாத மனதோடு வந்தவர், இராவேளைகளில் அர்ச். தோமையார் கல்லறையண்டை மன்றாடினார். அங்கே பேய்கள் அவரை அடித்து வாதித்தன என்று அவர் சரித்திரம் எழுதினோர் சொல்லுகிறார்கள்.

மனம் தெளிந்தது. ஆனால் கப்பல்? அது கிடைக்காவிட்டால் கட்டுமரத்திலாவது ஏறிப்போகத் துணிந்திருப்பதாகக் கோவாவிலிருந்த தம் சபையாருக்கு எழுதினார். கட்டுமரத்தில் வங்கக் கடலைத் தாண்டுவதாவது! நம் காசிமேட்டுக் கடலோடிகளைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கப்பல் கிடைத்தது. மறுவருஷம் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து மோரோ தீவுகளுக்குப் புறப்பட இருந்தார். அவ்விடத்தார் சோற்றில் விஷம் வைப்பார்கள் என்று சிநேகிதர்கள் அழுது தடுத்தார்கள். விஷமுறி மருந்துகளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். நன்றி சொல்லி மறுத்துவிட்டார். மருந்தைச் சுமந்தால் இல்லாத பயத்தையும் கூடவே சுமக்க நேரிடுமாம்.

அதற்காக அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணாதேயுங்கள். தமக்காக உயிரை இழப்பதைப்பற்றி சேசுநாதர் அருளிய வசனம் வாசிக்கையில் வெகு தெளிவாயிருந்தும், ஆபத்து எதிரே நிற்கையில் மெத்தப் படித்தவர்களுக்கும் இருண்டுபோகிறதென்று அந்நாட்களில் ஒளிக்காமல் எழுதியவரும் அவரே.

அப்படி எழுதிவிட்டுத்தான் போனார். மோரோ தீவுகளில் மூன்று மாதம்போல் கிறிஸ்தவர்களைச் சந்தித்து, 1547-ல் உயிரோடு திரும்பி வந்தார்.