குளோத்தாரின் குடும்பம்

பிராங்கிய அரசன் குளோவிஸ் 511-இல் மறைந்தான். நாடு நான்கு மைந்தர்க்குப் பங்காயிற்று. அவருள் இளையவன் முதலாம் குளோத்தார். அண்ணன் குளோதோமர் 524-இல் போரில் மடிய, அவனுடைய மூன்று சிறுவரும் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தனர். அவர்களைத் தந்திரமாக வரவழைத்து, இருவரைத் தன் கையாலேயே குத்திக் கொன்றான் குளோத்தார். தப்பிய மூன்றாமவன் துறவியானான். பாரிசை அடுத்த சேன்குளூ நகர் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மனைவியர் பலர். அவர்களுள் என் மதிப்புக்குரியவள் ராதெகுந்தா. 531-இல் வீழ்ந்த துரிங்கியாவிலிருந்து சிறைபிடித்து வந்த இளவரசி. உடன்பிறந்தானை அவன் கொல்வித்தபின், அரண்மனையை உதறிச் சென்று புவாத்தியே நகரில் கன்னிமடம் நிறுவினாள். அத்தனை பேரை வென்றவனால் அவளை மீட்டுவர முடியவில்லை!

558-இல் நாடு முழுதும் அவனுக்காயிற்று. பெற்ற மகன் கிராம்னே எதிர்த்தெழுந்தான். 560-இல் அவனை மனைவி மக்களோடு குடிசையில் வைத்துக் கொளுத்தச் செய்தான் தந்தை. மறு ஆண்டே தானும் மாண்டான். நாடு மறுபடியும் நான்கு மைந்தர்க்குப் பங்காயிற்று.