வாள் வீராங்கனை ஹெலேன் மேயர்

போர்க்களத்தில் உயிர் காக்கவும் உயிர் போக்கவும் ஏந்தப்பட்ட வாள், நாளடைவில் விளையாட்டுக் களத்திலும் இடம் பெறலாயிற்று. ஐரோப்பிய நாடுகளில் அவ்விளையாட்டு ஒரு நுண்கலையாகவே வளர்ந்தது. அதன்கண் வழங்கும் வாள்கள் மூவகைப்படும். அவற்றுள் ஃபாயில் என்பது மெல்லியது, வளையும் இயல்பினது, முனை மழுங்கியது. அம்முனை எதிராளியின் மார்பு, வயிறு, முதுகு முதலிய உடற்பகுதிகளில் பட்டால் மட்டுமே புள்ளி உண்டு. கையிலோ காலிலோ தலையிலோ பட்டால் அது கணக்கில் சேராது. வாள் பட்டதை இக்காலத்தில் மின்கருவி அறிவித்துவிடுகிறது. முற்காலத்தில் நடுவரின் கண்களே கருவி. துணைநடுவர் நால்வர் இருபுறமும் நின்று, இமைப்பொழுதில் பாய்ந்து மீளும் முனையை நோக்கித் தலைமை நடுவருக்கு உணர்த்துவர். ஆதலின், இவ்விளையாட்டிற்கு உடல் வலிமையினும் விரைவும், விரைவினும் கலங்காத உள்ளமும் மிகுதியாக வேண்டும். இக்கலையில் தம் காலத்தில் தமக்கு நிகராவார் மிகச் சிலரே என விளங்கியவர் ஹெலேன் மேயர்.

இவர் 1910-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் ஆஃபன்பாக் நகரில் பிறந்தார். தோற்பொருள் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம் அது. தந்தையார் லுட்விக் மேயர் யூத குலத்தவர்; மருத்துவத் தொழில் புரிந்தவர். அன்னையார் கிறித்தவர். உடன்பிறந்த ஆடவர் இருவர். ஆஃபன்பாக்கில் புகழ் வாய்ந்த வாட்பயிற்சிக் கழகம் ஒன்று இருந்தது. ஆர்த்துரோ கட்ஸேரா என்னும் இத்தாலிய ஆசிரியர் அங்குப் பயிற்றி வந்தார். அவரிடம் இளமையிலேயே ஹெலேன் வாள் பயின்றார். 1925 முதல் 1930 வரை ஆண்டுதோறும் ஜெர்மனியின் மகளிர் ஃபாயில் முதன்மைப் பட்டம் இவருக்கே உரியதாயிற்று. முதன்முறை அதனைப் பெற்றபொழுது இவருக்கு அகவை பதினான்கு.

ஒலிம்பிக் விழாவில் மகளிர் வாட்போர் 1924-இல்தான் முதன்முதலாக இடம் பெற்றது. அதற்கடுத்து 1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நிகழ்ந்த விழாவில், பதினேழு வயது நிரம்பிய ஹெலேன் பதினெட்டுப் போட்டிகளில் வென்று, இரண்டில் மட்டுமே தோற்றுப் பொற்பதக்கம் பெற்றார். நெடிய உருவமும், பொன்னிறப் பின்னலும், நெற்றியைச் சூழ்ந்த வெண்பட்டையும் அந்நாட்டார் அனைவரும் அறிந்த அடையாளங்கள் ஆயின. இவருடைய சிறு உருவங்களை மக்கள் தம் இல்லங்களில் வைத்துப் போற்றினர். 1929-இலும் 1931-இலும் ஐரோப்பிய முதன்மைப் பட்டங்களும் இவரை வந்தடைந்தன.

இத்துணைச் சிறப்பும் வந்த விரைவிலேயே இன்னல்களும் தொடர்ந்தன. 1931-இல் தந்தையார் காலமானார். 1932-ஆம் ஆண்டு ஜூலையில், ஜெர்மானியக் கடற்படையின் நியோபே என்னும் பயிற்சிக் கப்பல் சூறைக்காற்றில் கவிழ்ந்து 69 பேர் மாண்டனர். ஹெலேனின் உள்ளங்கவர்ந்த இளைஞரும் அவர்களுள் ஒருவர். லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் வாளேந்தும் வேளையில் இச்செய்தி இவருக்கு எட்டிற்று. அங்கு இவர் பெற்றது ஐந்தாம் இடம்.

அப்போட்டியிலேயே நிகழ்ந்த மற்றொரு செய்தி ஈண்டு அறியத்தக்கது. இங்கிலாந்தின் ஜூடி கின்னஸ் என்னும் நங்கை, தம் உடல்மீது பட்ட இரு வீச்சுகளை நடுவர் காணத் தவறியபோது, அவற்றைத் தாமே எடுத்துரைத்தார். அதனால் பொற்பதக்கம் ஆஸ்திரியாவின் எல்லன் பிரைஸ் என்பவரைச் சேர்ந்தது. நடுவர் கண் தவறினும் வீரர் நெஞ்சம் தவறலாகாது என்பது அக்கால வாட்கலையின் வழக்கு.

விழா முடிந்தபின் ஹெலேன் உயர்கல்வியின் பொருட்டு அமெரிக்காவிலேயே தங்கி ஸ்கிரிப்ஸ் கல்லூரியில் பயின்றார். அயல்நாட்டுத் தூதுப் பணியில் அமர வேண்டும் என்பது இவரது அவா. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத தந்தைக்குப் பிறந்தவர் என்னும் ஒரே காரணத்தால், ஆஃபன்பாக் கழகம் இவர் பெயரைத் தன் ஏட்டினின்று நீக்கிற்று. கல்வி உதவித்தொகையும் நின்றது. தூதுப் பணிக் கனவும் கலைந்தது. எந்தக் கழகத்திற்குப் புகழ் தேடித் தந்தாரோ அக்கழகமே இவரை அயலாராக்கிற்று. பின்னர் ஓக்லண்ட் நகரின் மில்ஸ் கல்லூரியில் மாணவியர்க்கு ஜெர்மன் மொழியும் வாட்பயிற்சியும் கற்பித்து வாழ்ந்தார்.

1936-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா பெர்லினில் நிகழ ஏற்பாடாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. அவ்விழாவைப் புறக்கணிக்க வேண்டுமென்னும் குரல் அமெரிக்காவில் வலுத்தது. யூதரையும் குழுவில் சேர்க்கிறோம் என்று உலகுக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி ஜெர்மன் ஆட்சியாளர்க்கு வந்தது. துரத்திய கையே இப்பொழுது அழைத்தது. கிரெட்டல் பெர்க்மான் என்னும் யூத மங்கை, தம் நாட்டுச் சாதனைக்கு நிகராக 1.60 மீட்டர் உயரம் தாண்டியும், விழாவுக்குச் சில வாரங்களே இருக்கையில் விலக்கப்பட்டார். ஹெலேன் மட்டும் சேர்க்கப்பட்டார். இவரது பிறப்பைப் பற்றி எழுதலாகாது என்று செய்தித்தாள்களுக்கு ஆணை பிறந்தது.

தமக்கு முழுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டவர், இறுதியில் சென்று வாளேந்தினார். அன்னையாரும் உடன்பிறந்தாரும் ஜெர்மனியிலேயே இருந்தனர் என்பதை மறத்தலாகாது. ஹங்கேரியின் இலோனா எலக் பொற்பதக்கமும், ஹெலேன் வெள்ளியும், எல்லன் பிரைஸ் வெண்கலமும் பெற்றனர். எலக்கின் தந்தையாரும் யூதரே. பதக்க மேடையில் ஹெலேன் வலக்கையை நீட்டி ஹிட்லர் ஆட்சிக்குரிய வணக்கம் செலுத்தினார். சுற்றத்தாரைக் காக்கச் செய்தார் என்பர் சிலர். இழந்த நாட்டின்மீது கொண்ட பற்றினால் செய்தார் என்பர் சிலர். எக்காரணத்தாலும் அது பொறுக்கத்தக்கதன்று என்பாரும் பலர். அவ்வணக்கம் எவ்வகையிலும் புகழத்தக்கதன்று. ஆயினும், அச்சத்திற்கும் ஆசைக்கும் இடையே நின்ற இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பழிப்பதற்குமுன், அவரை அந்நிலையில் நிறுத்தியவர் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் நேர்மை.

1937-இல் பாரிஸில் நிகழ்ந்த உலகப் போட்டியில் முதலிடம் பெற்று, எலக்கிடம் இழந்த பெருமையை மீட்டார். மீண்டும் அமெரிக்கா சென்று, 1934-க்கும் 1946-க்கும் இடையில் எட்டு முறை அந்நாட்டு முதன்மைப் பட்டத்தை வென்றார். காலப்போக்கில் அந்நாட்டுக் குடிமகளும் ஆனார்.

எனினும், 1952-இல் தாய்நாடு திரும்பி, எர்வின் பால்க்னர் ஃபான் சோனன்பர்க் என்பவரை மணந்தார். இல்லற வாழ்வு நீடிக்கவில்லை. புற்றுநோய்க்கு ஆளாகி, 1953 அக்டோபரில், நாற்பத்து மூன்றாம் வயது நிரம்புமுன் மறைந்தார். 1968-இல் மேற்கு ஜெர்மனி இவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. 1972-இல் ஒலிம்பிக் விழா நிகழ்ந்த மியூனிக் நகரில், வீரர்கள் தங்கிய குடியிருப்பின் தெரு ஒன்று இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.