பேச விட்டுக் கேட்டவர்: கார்ல் ரொஜர்ஸ்

சீர்மியப் பயிற்சி பெற்ற பலரை வேலை நிமித்தம் நான் சந்தித்திருக்கிறேன். ஆசிரியர்கள், அருட்சகோதரிகள், மாதர் சங்கத்துப் பெண்கள், போரில் தாங்களே எல்லாவற்றையும் இழந்துவிட்டு மற்றவர்களின் கதையைக் கேட்க உட்கார்ந்தவர்கள் என்று பல வகையினர். பயிற்சியில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் முதலில் மூன்று விடயங்களைச் சொல்வார்கள். எதிரில் இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்வது, அவருடைய இடத்தில் நின்று உணர்வது, பொய்முகம் இல்லாமல் இருப்பது. இந்த மூன்றையும் முதலில் வகுத்துச் சொன்னவர் அமெரிக்க மருத்துவ உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ். கையேடுகளில் அவருடைய பெயர் ஒரு வரியில் வந்து போகும். அந்த மூன்றுக்கும் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அதில் இருக்காது.

ரொஜர்ஸ் 1902 ஜனவரி 8 ஆம் திகதி சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காவது. தகப்பன் வசதியான கட்டட ஒப்பந்தகாரர். வீட்டில் கடுமையான புரொட்டஸ்தாந்து ஒழுங்கு: குடி இல்லை, சீட்டு இல்லை, நடனம் இல்லை. அவருக்கு 12 வயதானபோது குடும்பம் சிக்காகோவுக்கு மேற்கே ஒரு பண்ணைக்கு இடம்பெயர்ந்தது. பிள்ளைகளை நகரத்தின் பழக்கவழக்கங்களில் இருந்து தள்ளி வைப்பதும் அதற்கு ஒரு காரணம். நண்பர்கள் அதிகம் இல்லாத அந்தப் பையன் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை வளர்த்துக் கவனித்தான். கால்நடைத் தீவன ஆய்வுகள் பற்றிய தடித்த புத்தகங்களை வாசித்தான். இரண்டு கூட்டம் மாடுகளுக்கு இரண்டு வகைத் தீவனம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அங்கேதான் கற்றுக்கொண்டான். இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கத் தொடங்கியவர் வரலாற்றுக்கு மாறினார். 1922 இல் கிறிஸ்தவ மாணவர் மாநாடு ஒன்றுக்காகச் சீனாவின் பீக்கிங் நகருக்குப் போனார். பல மாதப் பயணம். வேறு நாட்டவரோடும் வேறு நம்பிக்கைகளோடும் பழகியபோது பெற்றோரின் சமயத்தில் இருந்து மெல்ல விலகினார். 1924 இல் ஹெலன் எலியட்டைத் திருமணம் செய்துகொண்டு, போதகராகும் எண்ணத்தோடு நியூயோர்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அதையும் விட்டுவிட்டு, வீதிக்கு அப்பால் இருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்கு உளவியல் படிக்கப் போனார். கலாநிதிப் பட்டம் 1931 இல் கிடைத்தது.

அதற்கு முன்பே, 1928 இல், ரொசெஸ்டர் நகரில் சிறுவர் வதையைத் தடுக்கும் சங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நீதிமன்றங்களும் நலன்புரி நிலையங்களும் அனுப்பும் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் வேலை. அடி வாங்கிய பிள்ளைகள், திருடிய பிள்ளைகள், கைவிடப்பட்ட பிள்ளைகள். 12 ஆண்டுகள் அங்கே இருந்தார். பல்கலைக்கழகத்தில் படித்த கோட்பாடுகளை அந்த அறையில் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்து, பலவற்றை எறிந்தார்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவரே பல இடங்களில் எழுதியிருக்கிறார். அடங்காத ஒரு சிறுவன். தாய் அவனைச் சிறு வயதில் வெறுத்து ஒதுக்கியதுதான் பிரச்சினை என்று ரொஜர்ஸ் முடிவு செய்திருந்தார். பல சந்திப்புகளில் அதைத் தாய்க்கு விளங்கவைக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் இருவரும் முயன்று பார்த்துவிட்டோம், இத்தோடு நிறுத்துவோம் என்று ஒத்துக்கொண்டார்கள். கதவு வரை போன தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். ஓம் என்றதும் திரும்பி வந்து அமர்ந்தார். அதன் பிறகுதான் தன் மணவாழ்க்கையையும் தோல்வியையும் கொட்டத் தொடங்கினார். நிபுணர் தயாரித்து வைத்திருந்த கதைக்கும் அந்தப் பெண் சுமந்துகொண்டிருந்த கதைக்கும் தொடர்பே இருக்கவில்லை. எங்கே நோகிறது என்பது நோகிறவருக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது இங்கேதான்.

1940 இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஊடகக் கல்வி படித்தவள் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் இழுத்தது அங்கே அவர் செய்த ஒரு காரியம். சிகிச்சை அறைக்குள் அவர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்தார்.

அதுவரை சிகிச்சை என்பது மூடிய அறைக்குள் நடப்பது. உள்ளே என்ன நடந்தது என்பதற்குச் சிகிச்சையாளர் பிறகு எழுதும் குறிப்பு மட்டுமே சாட்சி. அவர் தனக்குச் சாதகமாக நினைவு வைத்திருந்தால் யார் கேட்பது? ரொஜர்ஸும் மாணவர்களும் வருபவரின் சம்மதத்தோடு உரையாடலை இசைத்தட்டில் பதிந்தார்கள். ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே பதியும் என்பதால் இரண்டு கருவிகளை மாறி மாறி ஓட்டினார்கள். பிறகு இருமலும் மௌனமும் உட்பட எல்லாவற்றையும் எழுத்தாக்கினார்கள். 1942 இல் வந்த அவருடைய நூலில், ஹேர்பர்ட் பிறையன் என்ற புனைபெயர் கொண்ட ஒருவரின் எட்டுச் சந்திப்புகளும் முதலில் இருந்து கடைசி வரை அச்சாகின. ஒரு முழுச் சிகிச்சை அப்படி வெளிவந்தது அதுவே முதல் தடவை.

பதிவுகள் சிகிச்சையாளர்களைச் சங்கடப்படுத்தின. வழிநடத்தும் பாணியில் உச்சத்தில் இருந்த ஆலோசகர்கள், கேட்கும் பாணியில் உச்சத்தில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு சொற்களைப் பேசியிருந்தார்கள். துன்பத்தோடு வந்தவருக்குத்தான் பேச இடமில்லை. நோயாளி என்ற சொல்லையும் ரொஜர்ஸ் அந்த நூலில் கைவிட்டார். உதவி நாடி வருபவரை ஆங்கிலத்தில் சட்டத்தரணியிடம் போகிறவரைக் குறிக்கும் சொல்லால் அழைத்தார். வருபவர் முடிவெடுக்கும் உரிமையைத் தன்னோடு வைத்திருக்கிறார் என்பது அதன் பொருள்.

உலகப் போர் முடியும் தறுவாயில், படையில் இருந்து திரும்பியவர்களோடு பேசுவதற்குத் தொண்டர்களைப் பயிற்றுவித்தார். பட்டம் பெற்ற நிபுணர்கள் போதாத இடத்தில் சாதாரண மனிதர்களைப் பயிற்றி இறக்கலாம் என்பதை அவர் நம்பினார். மனநல மருத்துவர்கள் நம்பவில்லை. உளவியலாளர்கள் சிகிச்சை செய்யவே கூடாது என்று ரொசெஸ்டரிலும் பிறகு சிக்காகோவிலும் எதிர்ப்பு வந்தது. இரண்டு இடத்திலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஊர்களில் சாதாரண தரம் படித்த ஒரு பெண் சீர்மியராக வேலை செய்ய முடிவதற்குப் பின்னால் இந்தப் பழைய சண்டையும் இருக்கிறது.

1945 முதல் 1957 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை நிலையம் நடத்தினார். தீவனப் புத்தகம் திரும்பி வருவது இங்கேதான். சிகிச்சையால் மாற்றம் வருகிறது என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்று நின்றார். உதவி கேட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினரை முதலில் 60 நாட்கள் காத்திருக்கச் செய்து, அந்த இடைவெளியில் தானாகவே மாற்றம் வருகிறதா என்று பார்த்தார்கள். தான் எப்படிப்பட்டவர், எப்படி இருக்க விரும்புகிறார் என்பதை ஒவ்வொருவரும் அட்டைகளை அடுக்கிக் காட்டினார்கள். தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையே ஒப்புமை ஏறத்தாழ சுழியம். சிகிச்சை முடிவில் சராசரி 0.34. வெறுமனே காத்திருந்த காலத்தில் அப்படி நடக்கவில்லை. 1954 இல் இது நூலாக வந்தது. 1956 இல் அமெரிக்க உளவியல் சங்கம் முதன்முறையாக வழங்கிய விஞ்ஞானப் பங்களிப்பு விருதைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இந்த வெற்றிகளுக்கு நடுவே அவர் உடைந்தும் போனார். 1949 அளவில், கடுமையாகக் குழம்பிப்போயிருந்த ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். விலகவும் முடியாமல், தொடரவும் முடியாமல், தன்னையே இழப்பதாக உணர்ந்தார். அவரை வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஹெலனோடு காரில் ஏறி ஊரை விட்டே போய்விட்டார். இரண்டு மூன்று மாதங்கள் திரும்பவில்லை. வந்த பிறகு, தன்னிடம் பயின்ற ஒருவரிடமே சிகிச்சை பெற்றார். இதை அவர் மறைக்கவில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் இழப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கும் எங்கள் சீர்மியர்களின் கையேட்டில், மூன்று விதிகளோடு இந்தக் கதையையும் சேர்க்கலாம்.

அடுத்து விஸ்கொன்சின். பல்கலைக்கழக மாணவர்களிடமும் நகரத்து மனிதர்களிடமும் பலித்த முறை, மனச்சிதைவு நோயோடு மருத்துவமனையில் கிடப்பவர்களிடம் பலிக்குமா என்று பார்க்கப் போனார். பெரிய ஆய்வு. தரவுகள் காணாமல் போயின, ஆய்வாளர்களுக்குள் பிளவு வந்தது, நூல் 1967 இல்தான் வெளியானது. மொத்தத்தில் சிகிச்சை பெற்ற குழு பெறாத குழுவைவிடப் பெரிதாக முன்னேறவில்லை. சிகிச்சையாளரிடம் அந்த மூன்று பண்புகளும் அதிகம் இருந்த இடத்தில் நோயாளிகள் தேறினார்கள். குறைவாக இருந்த இடத்தில் சிலர் இன்னும் மோசமானார்கள். கேட்பதுபோல் நடிப்பவர் கேடும் செய்யலாம் என்பது அதற்குள் கிடக்கும் செய்தி.

ஒரு கறையையும் சொல்ல வேண்டும். 1950களில் மனித சூழலியல் ஆய்வு என்ற பெயரில் ஒரு நிதியம் இருந்தது. அது அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ.யின் முகமூடி. ரொஜர்ஸ் அதன் சபையில் இருந்தார், அந்தப் பணத்தையும் ஆய்வுக்குப் பெற்றார். 1970களில் விடயம் வெளியானபோது அவர் மறுக்கவில்லை. அது அன்றைய காலத்தின் மனநிலை என்றும், இனி அப்படி ஒன்றைத் தொடமாட்டேன் என்றும் விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. விசாரிக்க வருபவரும் உதவ வருபவரும் ஒரே கதிரையில் வந்து உட்காரும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, யார் காசில் கேட்கிறீர்கள் என்பது சிறிய கேள்வி அல்ல.

பல்கலைக்கழகப் பயிற்சி மாணவர்களை மிரட்டி வடிகட்டுவதாகச் சலித்து, 1963 இல் விஸ்கொன்சின் உளவியல் துறையில் இருந்து விலகினார். மிச்ச வாழ்க்கை கலிபோர்னியாவில், லா ஹோயாவில். கற்பித்தலைப் பற்றி 1969 இல் எழுதிய நூலில், ஆசிரியர் அறிவை ஊற்றுபவர் அல்ல, படிப்பவரின் ஆர்வத்துக்கு வழிவிடுபவர் என்று வாதிட்டார். தன்னுடைய முறையைப் பயிற்சிப் பட்டறைகள் கிளிப்பிள்ளைத் தந்திரமாக்கிவிட்டன என்பதும் அவருக்குக் கோபம். வந்தவர் சொன்ன கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

இந்தக் காலத்தில்தான் அவர் பகைமையின் பக்கம் திரும்பினார். 1972 வட அயர்லாந்து மோதலின் மிகக் கொடிய ஆண்டு, கிட்டத்தட்ட 500 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு பெல்பாஸ்டில் இருந்து கத்தோலிக்கர்களும் புரொட்டஸ்தாந்தினரும், ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவருமாக ஒன்பது பேரைப் பிற்ஸ்பேர்க்குக்கு அழைத்து, ஒரு வார இறுதி முழுக்கப் பேசவிட்டார்கள். அது ஆவணப்படமானது. பெயர் இரும்புக் கதவம். உணர்ச்சியை வெளியே விடாமல் இருக்க, தன் மனதுக்குள் ஓர் இரும்புத் தட்டி இறங்கிக்கொள்வதை அவர்களில் ஒருவர் விவரித்தார். நாங்கள் பார்த்துப் பழகிய முகம் அது. சந்தையில் சிரித்துப் பேசிவிட்டு, ஒரு பெயரைக் கேட்டதும் மூடிக்கொள்ளும் முகம். ஊர் திரும்பிய பிறகு, எதிர்த் தரப்பில் இருந்து ஒருவரும் தங்கள் தரப்பில் இருந்து ஒருவருமாகச் சேர்ந்து சிலர் அந்தப் படத்தைத் திரையிட்டுக் காட்டினார்கள்.

தென்னாபிரிக்காவிலும் 1980களில் கறுப்பினத்தவரையும் வெள்ளையினத்தவரையும் ஒரே அறையில் அமர்த்தினார். 1985 இல் ஒஸ்ரியாவின் ருஸ்ட் என்ற சிற்றூரில், மத்திய அமெரிக்கப் போர்களைப் பற்றி 17 நாடுகளின் அரசியல்வாதிகளும் அறிஞர்களுமாகச் சுமார் 50 பேரைக் கூட்டினார்.

அறைக்குள் எல்லோரும் சமம் என்ற அவருடைய நம்பிக்கையை யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் 1957 இலேயே மிச்சிகனில் நேருக்கு நேர் கேள்வி கேட்டிருந்தார். உதவி கேட்டு வந்தவரும் கொடுப்பவரும் எப்படிச் சமமாக முடியும் என்பது பூபரின் வாதம். நான் பூபரின் பக்கம். வெளியே ஒருவரிடம் துவக்கும் மற்றவரிடம் இழவு வீடும் இருக்கும்போது, உள்ளே வட்டமாகப் போட்ட கதிரைகள் அந்த வித்தியாசத்தை அழிக்காது. பிள்ளை எங்கே என்று கேட்டு வீதியில் இருக்கும் அம்மாவுக்குச் சீர்மியர் வேண்டும்தான், ஆனால் அவர் கேட்டது சீர்மியரை அல்ல. அதே ரொஜர்ஸின் முறைப்படி பார்த்தாலும், அவர் என்ன கேட்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஹெலன் 1979 இல் காலமானார். ரொஜர்ஸ் 80 வயதுக்குப் பிறகும் பயணம் செய்தார். 1986 இல் தென்னாபிரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போய் வந்தார். 1987 ஜனவரியில் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாரடைப்பு. பெப்ரவரி 4 ஆம் திகதி இறந்தார். தென்னாபிரிக்காவில் எல்லோரும் வாக்களிக்க இன்னும் ஏழு ஆண்டுகளும், பெல்பாஸ்டில் ஒப்பந்தம் எழுத 11 ஆண்டுகளும் இருந்தன.