கடலடி கண்ட ஹாலி

ஹாலி என்ற மாத்திரத்தில் நமக்கு வால்வெள்ளியே நினைவிற்கு வரும். வானை நோக்கி வாழ்ந்த அப்பெரியார் குளிர்ந்த கடலின் அடியிலும் சின்னாள் உழைத்தவர் என்பதைப் பலர் அறியார்.

எட்மண்ட் ஹாலி 1656-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த ஹாகர்ஸ்டனில் சவர்க்கார வாணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெறுமுன்னரே செயின்ட் ஹெலினாத் தீவிற்குச் சென்று தென்றிசை விண்மீன்களை அளந்தார். நியூட்டனைத் தூண்டிப் பிரின்ஸிபியாவை எழுதுவித்து, 1687-இல் தம் கைப்பொருளால் அச்சேற்றியவரும் இவரே.

1691-இல், கினிக் கரையினின்று பொன்னும் தந்தமும் ஏற்றி வந்த கப்பலொன்று இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் கரையருகே மூழ்கிற்று. அது ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியாருடையது. மனிதரையும் சரக்காக விற்ற கம்பெனி அது. இதனை மறைத்தல் தகாது. அச்சரக்கை மீட்கும் பணியை ஹாலி ஏற்றார்.

வாய் கவிழ்த்த மணி போன்ற கலத்தினுள் அமர்ந்து நீரில் இறங்குதல் முன்னரே வழக்கிலிருந்தது. ஆயின் 33 அடி ஆழத்தில் உள்ளிருக்கும் காற்றுப் பாதியாய்ச் சுருங்க, நீர் மேலேறிவிடும். மூச்சினால் காற்றும் கெடும். ஹாலி மரக்கலத்திற்கு ஈயம் போர்த்தி, உச்சியில் கண்ணாடி பதித்தார். ஈயம் பூட்டிய இரு பீப்பாய்களை மாறிமாறி இறக்கித் தோற்குழாய் வழியே புதுக்காற்றை ஊட்டினார். கெட்ட காற்று மேலேயுள்ள திருகு வழியே குமிழியிட்டு வெளியேறும். இவ்வாறு ஐவர், அவரும் ஒருவராக, 60 அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் ஒன்றரை மணி நேரத்திற்கு மேலும் இருந்தனர். இறங்குங்கால் செவியில் கடுநோவு உண்டாகும்; ஆதலின் படிப்படியாக நிறுத்தி இறக்கினர். கலத்தை விட்டு வெளியே நடப்பவனுக்கு ஈயத்தொப்பியும், குளிரைத் தாங்கத் தடித்த கம்பளியுடையும் அமைத்தார். மணிக்கலத்தின் அமைப்பை 1716-இல் வெளியான கட்டுரையில் விரித்துரைத்தார்.

கப்பற்பணி நிகழ்ந்த அவ்வாண்டிலேயே ஆக்ஸ்போர்டில் வானநூற் பேராசிரியர் பதவி காலியாயிற்று. ஹாலி உலகம் அநாதியென்று கொள்பவர், ஆதலின் மார்க்கத்திற்கு மாறானவர் என்றொரு பழி எழுந்தது. பழியைத் துடைத்துக்கொள்ளத் தவணை வேண்டி, தேர்தலைத் தள்ளிவைக்கச் செய்யுமாறு நண்பருக்குக் கடிதம் வரைந்தார். எடுத்த பணியையோ இடையில் விட்டு வரவில்லை. பதவி டேவிட் கிரிகரிக்குப் போயிற்று.

1704-இல் அதே சர்வகலாசாலையில் க்ஷேத்திரகணிதப் பேராசிரியரான ஹாலி, அந்தக் கிரிகரியுடனேயே கூடி அப்பொலோனியஸ் என்னும் பழைய கிரேக்க ஆசிரியரின் நூலைப் பதிப்பிக்கலானார். கிரிகரி 1708-இல் இறந்தார். எஞ்சியதை ஹாலி தனித்திருந்து முடித்து 1710-இல் வெளியிட்டார்.