வெள்ளி மட்டை பெற்றவர்

காளப்பநாயக்கன்பட்டியில் மாலை நான்கு மணியானால் சிறுவர்கள் மட்டையும் பந்துமாகக் கிளம்பிவிடுகிறார்கள். மட்டையில் பிடித்த வீரரின் படம் ஒட்டியிருக்கும். அது கிழிந்துவிட்டால் மட்டையே உடைந்ததுபோல முகம் வாடிப்போகும். அவர்களிடம் சி.கே. நாயுடு என்ற பெயரைச் சொன்னோம். நம்ம ஊர்ப்பக்கத்துக்காரரா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கோட்டாரி கனகய்ய நாயுடு 1895 அக்டோபர் 31 அன்று நாக்பூரில், தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத் பிறந்ததும் அதே ஆண்டுதான். அந்நாளில் பம்பாயில் மதவாரியாக அணி பிரித்துப் போட்டி நடத்தினார்கள். (கிறிஸ்தவரான விஜய் ஹசாரே பிற்காலத்தில் மற்றவர்கள் என்று பெயரிட்ட அணியில்தான் ஆட முடிந்தது.) 1916இல் இந்துக்கள் அணியில் ஐரோப்பியருக்கு எதிராகக் களமிறங்கிய நாயுடு, மூன்று பந்துகளைத் தடுத்து ஆடிவிட்டு நான்காவதைச் சிக்ஸருக்கு அனுப்பினார். 1923இல் இந்தூரின் ஹோல்கர் மன்னர் அவரை அழைத்துத் தம் படையில் பதவி கொடுத்தார். கர்னல் என்ற அடைமொழி அங்கிருந்து வந்தது.

அவரது பெயர் நாடெங்கும் பரவியது 1926 டிசம்பர் 1 அன்று. ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. அணி இங்கிலாந்திலிருந்து வந்து பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் ஆடியது. முந்தின நாள் அவர்களின் கை ஏர்ல் எட்டு சிக்ஸர்களுடன் 130 ஓட்டங்கள் குவித்திருந்தார். மறுநாள் நாயுடு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடி 153 எடுத்தார். அதில் சிக்ஸர்கள் 11, பவுண்டரிகள் 13. செய்தி பரவப் பரவ மக்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, மரங்களிலும் கூரைகளிலும் ஏறி நின்று பார்த்தார்களாம். அந்த ஜிம்கானாவில் இந்தியர்கள் உறுப்பினராகக்கூட முடியாத காலம் அது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அடி வாங்கிய எம்.சி.சி. அணியே அவருக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசளித்துப் பாராட்டியது. இரண்டே ஆண்டுகளில், 1928இல், இந்தியக் கிரிக்கெட் வாரியம் உருவாயிற்று.

1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டில் இறங்கியது. சுற்றுப்பயணத்தின் தலைவரான போர்பந்தர் மன்னர், ஆட்டத்தில் தமக்கிருந்த திறமை எவ்வளவு என்று அறிந்தவர். ஒதுங்கி நின்று நாயுடுவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அரசர்களில் இப்படிப்பட்டவர் அரிது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதே 1932இல் பேப் ரூத் அணிந்த சட்டை ஒன்று 2024இல் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஒரு சட்டைக்கு இவ்வளவா என்று மலைக்கத்தான் வேண்டியிருக்கிறது!

இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் 1933 டிசம்பரில் அதே ஜிம்கானாவில் நடந்தது. நாயுடுதான் தலைவர். லாலா அமர்நாத் இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தபோது, எதிர்முனையில் நின்று அந்த இளைஞருக்குத் துணையாக ஆடினார்.

ஆனால் 1936இல் இங்கிலாந்து செல்லும் அணிக்குத் தலைவராக்கப்பட்டவர் விஜயநகரம் இளவரசர். பணமும் செல்வாக்கும் இருந்தன. ஆட்டம் அந்த அளவுக்கு இல்லை. வெள்ளி மட்டையை எதிரணி கொடுத்தது. தலைமையைச் சொந்த நாட்டவர் எடுத்துக்கொண்டார்கள். நாயுடு சாதாரண வீரராகவே சென்றார். ஓவல் மைதானத்தில் கப்பி ஆலனின் வேகப்பந்து உடம்பில் பலமாகத் தாக்கியும் விலகவில்லை, 81 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவரது கடைசி டெஸ்ட். ஆடியது மொத்தம் ஏழுதான்.

அதன்பிறகும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. ஐம்பதைக் கடந்த வயதில் ரஞ்சிக் கோப்பை ஆட்டமொன்றில் தத்து பட்கரின் பந்து பட்டுப் பற்கள் விழுந்தன. அவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தொடர்ந்து ஆடினார் என்பது பலர் சொல்லும் நிகழ்ச்சி. இதைக் கேட்டபோதுதான் நம் சிறுவர்கள் வாய்பிளந்தார்கள்.

1956இல் பத்மபூஷண் கிடைத்தது. கிரிக்கெட் வீரர்களில் அவரே முதலாமவர். மற்ற நினைவுச் சின்னங்கள் அவர் இறந்தபின் வந்தவை. 1994இல் வாரியம் அவர் பெயரில் வாழ்நாள் சாதனையாளர் விருதைத் தொடங்கி, முதல் விருதை லாலா அமர்நாத்துக்கு வழங்கியது. 1996இல் தபால்தலை வெளிவந்தது. அதில் உள்ள முகத்தைச் சிறுவன் ஒருவன் உற்றுப்பார்த்துவிட்டு, இது ஸ்டிக்கராகக் கிடைக்குமா என்று கேட்டான்.

1963இல் தேசிய பாதுகாப்பு நிதிக்காக நாக்பூரில் நடந்த ஆட்டத்தில், 68 வயதில், பிறந்த ஊரிலேயே கடைசியாகக் களமிறங்கினார். 1967 நவம்பர் 14 அன்று இந்தூரில் காலமானார்.