புளோரா தாம்சன்

புளோரா தாம்சன் (டிசம்பர் 5, 1876 - மே 21, 1947) ஓர் ஆங்கிலேயப் பெண் எழுத்தாளரும் கவிஞரும் ஆவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் கழிந்த தமது குழந்தைப் பருவத்தை அடிப்படையாகக் கொண்டு இவர் எழுதிய மூன்று நூல்கள், பின்னர் "லார்க் ரைஸ் டு கேண்டில்ஃபோர்டு" என்ற ஒரே தொகுதியாக வெளிவந்தன. அத்தொகுதியே இவரது புகழுக்கு அடிப்படை. கல்தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்து, பதினான்காம் வயதில் அஞ்சலகப் பணிக்குச் சென்ற இவர், அம்மூன்றில் முதல் நூலை வெளியிட்டபோது 62 வயதை எட்டியிருந்தார்.

பிறப்பும் குடும்பமும்

புளோரா ஜேன் திம்ஸ் என்பது இவரது இயற்பெயர். ஆக்ஸ்போர்டுசயரின் வடகிழக்கு மூலையில், நார்த்தாம்டன்சயர் எல்லையை ஒட்டியுள்ள ஜூனிபர் ஹில் என்ற குக்கிராமத்தில் பிறந்தார். தந்தை ஆல்பர்ட் திம்ஸ் கட்டடங்களுக்குக் கல் செதுக்கும் தொழிலாளி. தாய் எம்மா திருமணத்திற்கு முன்னர் வசதி படைத்த வீடொன்றில் குழந்தைகளைக் கவனிக்கும் பணிப்பெண்ணாக இருந்தவர். இத்தம்பதியருக்குப் பிறந்த பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியவர்களுள் மூத்தவர் புளோரா. அவருக்கு அடுத்த தம்பி எட்வின், குழந்தைப் பருவத்தில் அவருக்கு மிக நெருங்கிய தோழன்.

தந்தை அறிவும் அரசியல் ஈடுபாடும் உள்ளவர். சிறிது காலம் மட்டுமே தங்கும் எண்ணத்துடன் இவ்வூருக்கு வந்தவர் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார். உயர முடியாமற் போன ஏமாற்றம் அவரைக் கசப்புக்கும் குடிக்கும் இட்டுச் சென்றது. தாயோ கதை சொல்வதில் வல்லவர். மாலை வேளைகளில் தாய் சொன்ன கதைகளும் வீட்டில் கிடைத்த சில நூல்களுமே எழுத்தாளர் புளோராவின் தொடக்கக் கல்வி எனலாம்.

ஜூனிபர் ஹில்

புளோராவின் நூலில் இக்குக்கிராமம் லார்க் ரைஸ் என்று பெயர் பெறுகிறது. லார்க் என்பது வானம்பாடிப் பறவை. சுற்றியிருந்த கோதுமை வயல்களில் அப்பறவைகள் கூடு கட்டியதால் அமைந்த பெயராக அதை அவர் குறிப்பிடுகிறார். ரைஸ் என்ற சொல் இங்கு மேட்டு நிலத்தைக் குறிக்கும். அரிசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஊரில் ஏறத்தாழ முப்பது குடிசைகளும் ஒரு மதுக்கடையும் இருந்தன. முப்பது வீடுகளில் மூன்றுக்கு மட்டுமே சொந்த நீர்வசதி இருந்தது. மற்றவர்கள் கிணற்றில் இறைத்து, வாளிகளில் சுமந்து வந்தனர். ஆண்களில் பெரும்பாலோர் பண்ணைக் கூலிகள். 1880களில் அவர்களது வாரக் கூலி பத்து சில்லிங், அதாவது அரைப் பவுண்டு. அதைக் கொண்டு ஏழெட்டுப் பேர் அடங்கிய குடும்பத்தை நடத்த வேண்டும்.

இக்கூலியில் எவ்வாறு உயிர்வாழ முடிந்தது என்பதைப் புளோரா விரிவாகவே விளக்குகிறார். ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு பன்றிக் கொட்டில் இருந்தது. குடும்பமே அப்பன்றியைப் பேணி வளர்த்தது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் அதற்குக் கீரையும் புல்லும் சேகரித்தனர். பன்றியை வெட்டுவது வளர்பிறையில் மட்டுமே. தேய்பிறையில் வெட்டினால் இறைச்சி சமைக்கும்போது சுருங்கிவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. நாள் பார்த்து நல்லது செய்யும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறியலாம். உப்பிட்டுக் காயவைத்த அந்த இறைச்சி மாதக்கணக்கில் பயன்பட்டது.

நாளுக்கு ஒரு முறை மட்டுமே சூடான உணவு. ஆண்கள் வேலை முடிந்து திரும்பும் மாலை வேளையில் அது பரிமாறப்பட்டது. ஒரே பானையில் ஒரு துண்டு இறைச்சியும், வலைப்பையில் இட்ட கீரையும், மற்றொரு வலையில் உருளைக்கிழங்கும், துணியில் சுற்றிய மாவுப் பணியாரமும் ஒன்றாக வேகும். அறுவடை முடிந்த வயல்களில் பெண்களும் சிறுவர்களும் நாள் முழுதும் குனிந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்குவர். அவ்வாறு சேர்ந்த கோதுமையை அரைத்த மாவு குளிர்கால ரொட்டிக்கு உதவியது.

முதியோரின் நிலை இன்னும் கடினமானது. உழைக்க இயலாதவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் எஞ்சியிருந்த புகலிடம் ஏழையர் விடுதி. சிறையினும் கொடியதாக மக்கள் அதை அஞ்சினர். தனித்து வாழ்ந்த முதிய படைவீரர் ஒருவர், நோயுற்றபின் அவ்விடுதிக்கு அழைத்துச் செல்லப்படுகையில் குழந்தையைப் போல் அழுததையும், அங்கு சென்ற சில வாரங்களில் இறந்ததையும் புளோரா பதிவு செய்துள்ளார். 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1909 சனவரியில் 70 வயதைக் கடந்த ஏழை முதியோருக்கு வாரம் ஐந்து சில்லிங் வரை ஓய்வூதியம் வழங்கப்படலாயிற்று. அதனை முதன்முறை பெறச் சென்ற முதியோர் சிலர் கண்ணீர் விட்டனர் என்றும், பணத்தை எடுத்துக் கொடுத்த அஞ்சலகப் பெண்ணுக்கு நன்றியாகத் தம் தோட்டத்துப் பூக்களையும் ஆப்பிள்களையும் கொண்டு வந்தனர் என்றும் அவர் எழுதுகிறார்.

பள்ளியும் விளையாட்டும்

புளோரா ஏறத்தாழ ஒன்றரை மைல் தொலைவிலிருந்த கோட்டிஸ்ஃபோர்டு ஊர்ப் பள்ளிக்கு நடந்து சென்றார். பள்ளிக்கூடம் ஒரே பெரிய அறை. வாசிப்பு, எழுத்து, கணக்கு, சமயப் பாடம், பெண்களுக்குத் தையல் ஆகியவையே கற்பிக்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு முறை வரும் அரசுக் கண்காணிப்பாளரைக் கண்டு ஆசிரியையும் மாணவரும் ஒருங்கே நடுங்கினர். கட்டாயக் கல்வி 1880 இல் இங்கிலாந்து முழுவதற்கும் விதிக்கப்பட்டிருந்தபோதிலும், பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதில் சிறுவர்கள் வயலுக்கும், அதையொட்டிய வயதில் சிறுமியர் பணக்கார வீடுகளின் அடுக்களைக்கும் சென்றனர். ஒரு பெண் வீட்டை விட்டு வேலைக்குப் போனால் வீட்டில் ஒரு வாய் குறையும், படுக்கையில் சிறிது இடம் கிடைக்கும் என்பதே தாய்மார்களின் கணக்கு.

மே மாத முதல் நாள் பிள்ளைகளின் திருநாள். முந்தைய நாளிலேயே காட்டுப் பூக்களைச் சேகரித்து, மணி வடிவச் சட்டத்தில் பெரிய மலர்மாலை கட்டுவர். அதில் ஒரு பொம்மையை அமர்த்தித் துணியால் மூடி, மைல்கணக்கில் நடந்து, வீடு வீடாகச் சென்று பாடிக் காசு பெறுவர். பெண்பிள்ளைகள் கைகோத்து ஆடிய வட்ட விளையாட்டுகளையும் அவர் மிக நுணுக்கமாக விவரித்துள்ளார். அவற்றுள் பல அவர் எழுதிய காலத்திலேயே மறைந்துவிட்டன. நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுக்கு அந்நூல் இன்றும் பயன்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஊர் மூதாட்டிகளுள் குவீனி என்பவர் தேனீ வளர்த்தார். கையால் பின்னல் சரிகையும் செய்தார். இளமையில் அதனைச் சந்தையில் நல்ல விலைக்கு விற்றவர் அவர். இயந்திரச் சரிகை வந்தபின் வாங்குவார் இலர். கணவர் இறந்தபோது அவர் தேன்கூடுகளைத் தட்டி, எசமானர் இறந்துவிட்டார் என்று தேனீக்களுக்கு அறிவித்தார். அறிவிக்காவிட்டால் தேனீக்களும் இறந்துவிடும் என்று நம்பப்பட்டது.

அஞ்சலகப் பணி

1891 இல், பதினான்காம் வயதில், புளோரா அருகிலுள்ள ஃபிரிங்ஃபோர்டு ஊர் அஞ்சலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அஞ்சலகத்தை நடத்திய கீசியா விட்டன் என்ற கைம்பெண், அதனோடு ஒட்டியிருந்த கொல்லன் பட்டறையையும் நிர்வகித்து வந்தார். ஊரில் பலர் ஏற்காத தன்னுரிமையோடு வாழ்ந்த அவரே நூலில் வரும் டோர்க்காஸ் லேன் என்ற பாத்திரத்தின் மூலம். அவரது நூல்கள் புளோராவுக்கு வாசிக்கக் கிடைத்தன. கடிதம், தந்தி, பணவிடை என்று ஊரார் வாழ்க்கையின் இன்பதுன்பங்கள் அனைத்தும் அவ்விடத்தின் வழியே சென்றன. கூர்ந்து நோக்கும் சிறுமிக்கு அதனினும் சிறந்த பள்ளி அமைந்திருக்க முடியாது.

சில ஆண்டுகளுக்குப் பின் வெவ்வேறு ஊர்களில் பணிபுரிந்த புளோரா, 1898 இல் ஆம்ப்சயரில் உள்ள கிரேஷாட் அஞ்சலகத்தை அடைந்தார். அப்பகுதியில் அப்போது வசித்த ஆர்தர் கோனன் டாயில், பெர்னார்டு ஷா ஆகியோர் அவ்வஞ்சலகத்திற்கு வந்து செல்பவர்கள். அவர்களது பேச்சைக் கேட்ட இளம்பெண், தாம் எழுத நினைப்பது வீண் என்று சில காலம் எண்ணியதாகத் தெரிகிறது.

திருமணமும் எழுத்துப் பயிற்சியும்

1903 இல் அஞ்சல் துறை ஊழியரான ஜான் தாம்சனை மணந்து போர்ன்மவுத்தில் குடியேறினார். திருமணமான பெண்கள் அஞ்சல் துறையில் நிரந்தரப் பணியில் நீடிக்கக் கூடாது என்ற விதி அந்நாளில் இருந்தது. கணவர் வீட்டார் இவரது ஏழ்மையான பின்னணியையும் வாசிப்பு ஆர்வத்தையும் இழிவாகக் கருதினர். வீட்டு வேலைகளுக்கும் இரு குழந்தைகளின் வளர்ப்புக்கும் இடையே, பொது நூலகத்தைப் பயன்படுத்திப் புளோரா தாமே இலக்கியம் கற்றார். 1911 இல் பெண்கள் இதழொன்று நடத்திய போட்டியில் ஜேன் ஆஸ்டின் பற்றிய சிறு கட்டுரைக்குப் பரிசு பெற்றார். அதன்பின் சிறுகதைகளும் கட்டுரைகளும் எழுதிச் சிறிது பணமும் ஈட்டினார். அப்பணம் பிள்ளைகளின் கல்விக்கு உதவியது.

1916 இல் குடும்பம் லிப்ஹூக் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு, முதலாம் உலகப் போரில் தம்பி எட்வின் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். 1918 இல் கடைசி மகன் பீட்டர் பிறந்தான். 1921 இல் வெளியான "பாக் மிர்ட்டில் அண்டு பீட்" என்ற கவிதைத் தொகுதி அதிகம் கவனிக்கப்படவில்லை. 1920களில் இதழொன்றில் தொடர்ந்து எழுதிய இயற்கைக் கட்டுரைகள் அவரது நடையைச் செம்மைப்படுத்தின. 1928 இல் டெவன் மாவட்டத்தின் டார்ட்மவுத் நகருக்குச் சென்றார்.

மூன்று நூல்கள்

1930களின் பிற்பகுதியில், பிறந்த ஊரையும் குவீனி மூதாட்டியையும் பற்றிச் சில கட்டுரைகளை இதழ்களுக்கு எழுதினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவற்றை விரித்து நூலாக்க ஊக்குவித்தது. "லார்க் ரைஸ்" 1939 இலும், "ஓவர் டு கேண்டில்ஃபோர்டு" 1941 இலும், "கேண்டில்ஃபோர்டு கிரீன்" 1943 இலும் வெளிவந்தன. 1945 இல் மூன்றும் ஒரே தொகுதியாயின. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு நடுவே, தாம் இழந்துவிட்டதாகக் கருதிய அமைதியான நாட்டுப்புறத்தை வாசகர்கள் இந்நூல்களில் கண்டனர், ஆர்வத்துடன் வாங்கினர். எழுதியவருக்கு அமைதி கிட்டவில்லை. 1941 இல் பீட்டர் பணியாற்றிய வணிகக் கப்பல் அட்லாண்டிக் கடலில் தாக்கி மூழ்கடிக்கப்பட்டு அவர் உயிரிழந்தார். இவ்விழப்பிலிருந்து புளோரா மீளவே இல்லை. மூன்றாம் நூல் இத்துயரத்திற்குப் பின் நிறைவுற்றது.

நூல்களில் புளோரா "நான்" என்று எழுதவில்லை. தம்மை லாரா என்றும், தம்பி எட்வினை எட்மண்டு என்றும் படர்க்கையில் வைத்தே எழுதினார். கோட்டிஸ்ஃபோர்டு ஊர் ஃபோர்ட்லோ ஆனது. ஃபிரிங்ஃபோர்டின் பெரும்பகுதி கேண்டில்ஃபோர்டு கிரீன் ஆனது. கேண்டில்ஃபோர்டு நகரமோ பல ஊர்களின் கலவை. ஆகவே இது தன்வரலாறா, புதினமா, சமூக வரலாறா என்ற கேள்வி தொடக்கம் முதலே உள்ளது. வரலாற்றாளர் பார்பரா இங்கிலிஷ் 1985 இல் வெளியிட்ட ஆய்வில் நூலின் செய்திகளை அக்கால ஆவணங்களோடு ஒப்பிட்டு, நினைவும் பதிவும் எல்லா இடங்களிலும் பொருந்தவில்லை என்று காட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நினைவுகளில் இது வியப்புக்குரியதன்று. எனினும் நூலை முழு உண்மைச் சான்றாகக் கொள்ளும் மாணவர்கள் இதனை மனத்தில் கொள்வது நலம்.

இந்நூல் பழைய காலத்தின் இனிமையைப் பாடுவதாகவே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. இது பாதி உண்மையே. பூக்களும் பாட்டுகளும் வரும் அதே பக்கங்களில், பசியும், நிலவுடைமையாளரிடம் காட்ட வேண்டியிருந்த பணிவும் வருகின்றன. அக்கால மக்கள் குறைந்த பொருளில் நிறைவு கண்டதை வியக்கும் புளோரா, அக்குறையை நியாயப்படுத்தவில்லை. "லார்க் ரைஸ்" நூலின் முடிவு இதற்குச் சான்று. வாழ்நாளெல்லாம் ஏர் பிடிக்கப் போவதாக எண்ணி வளர்ந்த சிறுவர்கள் போருக்குச் சென்றனர். அச்சிற்றூரிலிருந்து சென்றவர்களில் பதினொருவர் திரும்பவில்லை. தேவாலயச் சுவரில் பதித்த பித்தளைத் தகட்டில் அவர்களது பெயர்கள் உள்ளன. அப்பட்டியலில் கடைசிப் பெயர் எட்மண்டு.

இறுதிக் காலமும் பின்னரும்

1940 முதல் டெவனின் பிரிக்சம் என்ற மீன்பிடி ஊரில் வாழ்ந்த புளோரா, மே 21, 1947 அன்று மாரடைப்பால் காலமானார். டார்ட்மவுத்தில் உள்ள லாங்கிராஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். "ஸ்டில் கிளைட்ஸ் த ஸ்ட்ரீம்" என்ற இறுதி நூல் 1948 இல், அவர் மறைந்த பின் வெளிவந்தது.

கீத் டூவர்ஸ்ட் எழுதிய நாடக வடிவம் 1978 இல் இலண்டன் தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. பிபிசி தொலைக்காட்சி 2008 முதல் 2011 வரை தொடராக ஒளிபரப்பியது. லாராவாக ஒலிவியா ஆலினனும் டோர்க்காஸ் லேனாக ஜூலியா சவாலாவும் நடித்தனர். தொடரில் வரும் காதல் கதைகளும் திருப்பங்களும் பெரும்பாலும் தொடருக்காகப் புனையப்பட்டவை என்பதை மூல நூலை வாசிப்போர் உடனே உணர்வர்.

கிரேஷாட் அஞ்சலக நாட்களைக் கூறும் "ஹெதர்லி" என்ற நான்காம் பகுதியையும் புளோரா எழுதியிருந்தார். அதில் நிறைவு கொள்ளாத அவர் அதை ஒதுக்கி வைத்தார். அது 1979 இல்தான் அச்சேறியது.