சர்க்கஸ் சிறுவன் இங்கிலாந்து வீரர் ஆனார்!

தந்தையைச் சிங்கம் கொன்றது. மகனைச் சர்க்கஸ் கைவிட்டது. அந்த மகன்தான் பின்னாளில் இங்கிலாந்துக்காக ரக்பி ஆடிய முதல் கறுப்பர். அவர் பெயர் ஜேம்ஸ் பீட்டர்ஸ்.

பீட்டர்ஸ் 1879-ம் ஆண்டு இங்கிலாந்தில் சால்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜமைக்கா தீவைச் சேர்ந்தவர். சர்க்கசில் சிங்கங்களைப் பழக்கி வந்தார். ஒரு நாள் சிங்கக் கூண்டுக்குள்ளேயே அவர் உயிர் போய்விட்டது. தாய் வெள்ளைக்காரப் பெண். பிள்ளையை வளர்க்க வழி இல்லாமல் ஒரு சர்க்கசில் சேர்த்துவிட்டாள். அங்கே அவன் குதிரை மீது ஏறி வித்தை காட்டினான். கை முறிந்ததும், இனி இவனால் பயன் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அநாதை விடுதியில்

லண்டன் அநாதை விடுதி அவனுக்குச் சோறு போட்டது. தொழிலும் கற்றுக் கொடுத்தது. ஓட்டத்திலும் கிரிக்கெட்டிலும் அவனே முதல்வன். வளர்ந்த பிறகு பிளிமத் நகரில் தச்சு வேலை பார்த்துக்கொண்டே ரக்பி ஆடினார்.

ரக்பி பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம். பக்கத்துக்கு 15 பேர். பந்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும் இடத்தில் ஆடியவர் பீட்டர்ஸ். 1906 மார்ச் 17-ந் தேதி ஸ்காட்லாந்துடன் மோதிய இங்கிலாந்து அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்து வென்றது.

நிறம் குறுக்கே வந்தது

அதே ஆண்டு தென் ஆப்பிரிக்க அணி வந்தது. பீட்டர்ஸ் ஆடிய டெவன் அணியோடு ஆட்டம். எதிரே கறுப்பர் நிற்பதைக் கண்டு தென் ஆப்பிரிக்கர்கள் ஆட மறுத்தார்கள். சமாதானம் சொன்ன பிறகே ஆட்டம் நடந்தது. டிசம்பரில் இங்கிலாந்தே அவர்களுடன் மோதியது. அந்த அணியில் பீட்டர்ஸ் இல்லை! அவர் ஆட்டத்தில் குறை இல்லை. நிறமே காரணம் என்று பலர் கருதினர்.

அவர் மனம் தளரவில்லை. 1907-ல் மீண்டும் நாட்டுக்காக ஆடினார். 1908-ல் வேல்சுடன் ஆடியது கடைசி. மொத்தம் 5 ஆட்டங்கள்.

1910-ல் கப்பல் தளத்தில் விபத்து. மூன்று விரல்கள் போயின. பந்தைப் பிடிக்க விரல் வேண்டாமா? இருக்கிற விரல்களாலேயே பிடித்தார், மறுபடி ஆடினார்.

1954-ல் பீட்டர்ஸ் காலமானார். இங்கிலாந்து ரக்பி அணியில் அடுத்த கறுப்பர் கிறிஸ் ஓட்டி. அவர் இடம் பெற்ற ஆண்டு 1988. பீட்டர்ஸ் திறந்த கதவு மறுபடி திறக்க 80 ஆண்டுகள் ஆயின!